பேச்சியம்மா இரண்டாம் தடவை வந்து சேர்ந்த கதை

எனக்கு இரண்டு மாமியார்கள். ஒரே ஒரு மாமியாரை வைத்துக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் படுகிற பாட்டைப் பார்த்தால், எனக்கு ஒரு கோயிலே கட்டலாம். கட்டத்தான் ஆளில்லை.

என் கணவர் பிரதாப், ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றின் டிரைவர். அவரை வளர்த்தவர் வீரம்மா. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவர் எனக்குப் பெரியத்தை. பெற்றவர் பேச்சியம்மா, வீரம்மாவின் கூடப்பிறந்த தங்கை. இந்தியாவில் கோத்தகிரியில் இருக்கிறார். அவர் சின்னத்தை. இந்த விஷயம் தோட்டம் முழுக்கத் தெரியும். பிரதாப்புக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். யாரும் ஒளித்து வைக்கவில்லை, வாய் விட்டுப் பேசத்தான் மாட்டார்கள்.

சின்னத்தை ஒரு மாத விசாவில் இங்கே வந்து போனார். அவர் போன நாளிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. "தேத்தண்ணியில சீனிய இப்புடிக் கொட்டுறியே, ஒன் அப்பன் வீட்டு மில்லா?" என்று என்னை ஏச ஆளில்லை. அவர் இருந்தபோது எப்போது கிளம்புவார் என்று நாள் பார்த்த எனக்கே இப்போது அந்த ஏச்சு தேவைப்படுகிறது. வெட்கக்கேடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கப்பலேறியது எண்பத்து நாலாம் வருடம். அப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் மலையகத்துச் சனங்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கு போட்டு முடித்திருந்தன. பெரியத்தையின் கணவர் சோலைமலை இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தவர். சின்னத்தையின் மாமனார் மூக்கன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். பாஸ்போட் வந்து, கப்பலுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எட்டு மாதக் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டு கிடந்தான். என் புருஷனைத்தான் சொல்கிறேன். எட்டு மாதத்துப் பிள்ளைக்கு மரியாதை போட்டு எழுத எனக்கு வரவில்லை.

பிள்ளையை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைத் தள்ளிப் போட்டால் பெயரையே வெட்டிவிடுவார்கள் என்று மூக்கன் ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளைகுட்டி இல்லாத பெரியத்தைதான் வழி சொன்னார். "நல்லமுத்து குடும்பம் அடுத்த கப்பலுக்குப் போறாங்கடி. புள்ள தேறுனதும் அவங்க கையில குடுத்து அனுப்பி வைக்கிறேன். நீ போ." சின்னத்தை போனார். கொஞ்ச நாளில் யுத்தத்தால் கப்பல் ஓட்டமே நின்றது. நல்லமுத்து குடும்பம் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனது. அடுத்த கப்பல் என்று ஒன்று வரவே இல்லை.

கோத்தகிரியிலும் சின்னத்தைக்குக் கிடைத்தது தேயிலைதான். அங்கே அவருக்கு சர்மிளா பிறந்தாள். கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டார். சாப்பாட்டுக்கே இழுபறி, இதில் பாஸ்போட்டுக்கும் பயணத்துக்கும் எங்கே போவது? முதலில் கடிதம், பிறகு எப்போதாவது டெலிபோன் கோல், கடைசியில் போனில் முகம் பார்த்துப் பேசுவது என்று காலம் ஓடிவிட்டது. பிரதாப் போனில் "சின்னம்மா, சுகமா இருக்கீங்களா?" என்பார். அந்தப் பக்கம் சின்னத்தை, "இருக்கேன்ப்பா" என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. நான் போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பேன்.

சர்மிளா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அண்ணி, அம்மா எலை பறிக்கையில வாயில எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருப்பாங்க. சின்ன வயசுல சாமி பேருன்னு நெனச்சேன். அப்புறம்தான் காது குடுத்துக் கேட்டேன். தலைமன்னாரு, மடு ரோடு, மதவாச்சி, பொல்கஹவெல, நாவலப்பிட்டி, வட்டவளை, அட்டன். அட்டன்ல எறங்கி நோர்வூட் பஸ்சு, முனியாண்டி கோயில் முடக்கு, அப்புறம் ஏத்தத்துல நடை. அண்ணனைக் கூட்டிட்டு வரப் போற வழியாம். மறந்துடக் கூடாதுன்னு தெனமும் சொல்லிப் பாத்துக்குவாங்க."

கடைசியில் சர்மிளாதான் திருப்பூரில் தையல் கம்பெனியில் உழைத்து அம்மாவைப் பிளேனில் ஏற்றிவிட்டாள். கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் பிரதாப் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனார். சின்னத்தைக்கு வேனின் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் சத்தி, ஒரே வாந்தி. யாரோ மாத்திரை ஒன்றைக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு சுருண்டவர், எங்கள் காம்பரா வீட்டில் பாயில்தான் கண்ணைத் திறந்தார்.

"அக்கா, நான் எப்புடி வந்தேன்?"

"வேன்லதான். தூக்கிக்கிட்டு வந்து படுக்க வச்சோம்."

"அட்டன் வந்துச்சா? நோர்வூட் வந்துச்சா?"

"எல்லாம்தான் வந்துச்சு."

"நான் பாக்கலையே, அக்கா" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வந்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நாங்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து அழுதோம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கூத்து. நேரில் பார்த்த பிறகு பிரதாப்புக்குச் சின்னம்மா என்ற வார்த்தையும் வாயில் வரவில்லை, அம்மா என்றும் வரவில்லை. எதையும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு மனுஷன் எத்தனை நாள் சமாளிக்கலாம் என்று எங்கள் வீட்டில் வந்து பார்த்திருக்க வேண்டும். "நிஷாந்தி, அவங்க சாப்புட்டாங்களான்னு கேளு" என்பார், அவங்க இவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். "ஏன், உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று நானும் ஒருநாள் கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சின்னத்தை அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்தது குருடனுக்கும் தெரியும்.

பெரியத்தை சோறே இறங்காமல் மெலிந்துகொண்டு வந்தார். பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் உடுப்புத் துவைக்கும்போது என்னிடம் கொட்டினார்.

"அவ கூட்டிக்கிட்டுப் போகத்தான்டி வந்திருக்கா."

"நாப்பது வயசு தாண்டுன ஆளை எப்புடி அத்த கூட்டிக்கிட்டுப் போவாங்க? இடுப்புலயா?"

"சிரிக்காத. அந்தப் புள்ள சர்மிளா என்னமோ சொல்லிச்சாமே."

சொல்லியிருந்தாள்தான். கோயமுத்தூரில் லொறிக் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலை இருக்கிறது, அண்ணன் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிரதாப் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இங்கே சாமான் விலையும் சம்பளமும் இருக்கிற இலட்சணத்தில் எனக்கே மனம் கொஞ்சம் ஆடியது.

"பெத்தவ வந்து வான்னு கூப்புட்டா, நான் எந்த வாயால போகாதன்னு சொல்றது?" என்றார் பெரியத்தை. துவைத்த சேலையையே மறுபடி மறுபடி கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் சின்னத்தை குண்டைத் தூக்கிப் போட்டார். தான் இன்னும் வந்து சேரவில்லையாம். தூக்கத்தில் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் வந்ததில் சேர்த்தியில்லையாம். தான் கப்பலேறிய தலைமன்னாருக்குப் போய், அங்கேயிருந்து ரயில் கோச்சி ஏறி, ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து ஒழுங்காக வர வேண்டுமாம். பிரதாப் என்னைப் பார்த்துக் கத்தினார், அவரைப் பார்த்துக் கத்த முடியாதே. "வந்த ஆளு மறுபடி போயி வரணுமா? கேக்குறவன் சிரிக்க மாட்டானா? பைத்தியம் புடிச்சிருச்சா எல்லாருக்கும்?"

யாரும் எதிர்பார்க்காமல் பெரியத்தை சொன்னார்: "போகட்டும்டா. நானும் கூடப் போறேன்."

பாசத்தில் சொன்னாரா, தங்கையைத் தனியாக விடப் பயந்து சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நான் வேலை செய்கிற பிள்ளைக்காம்பராவில் லீவு சொல்லிவிட்டு, இரண்டு கிழவிகளையும் மேய்க்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

முதல் வண்டி த்ரீவீல். நோர்வூட் டவுனுக்குப் போவதற்குள் சின்னத்தை பேசிய பேச்சிலிருந்து டிரைவர் இந்தியா ஆள் என்று கண்டுபிடித்துவிட்டான். இறங்கும்போது வெள்ளைக்காரர்களிடம் கேட்கிற கூலியைக் கேட்டான். "தம்பி, இது நம்ம தோட்டத்துல பொறந்த ஆளு" என்றேன். "அப்ப ஏன் ஆட்டோன்னு சொல்றாங்க?" என்று கேட்டானே பார்க்கலாம். பெரியத்தை வண்டியின் கூரையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். கூலி தானாகக் குறைந்தது.

ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் சின்னத்தை விறுவிறுவென்று ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அது பிக்குமாருக்கென்று ஒதுக்கிய சீட். கினிகத்தேனையில் ஒரு ஹாமதுரு ஏற, பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பெரியத்தை தங்கையைத் தோளைப் பிடித்துக் கிளப்பினார். "அங்கெல்லாம் லேடீஸ் சீட்டுதான் இருக்கும், சாமியார் சீட்டு எவன் கண்டான்?" என்று சின்னத்தை முணுமுணுத்தார். பிறகு கண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். ரோடு வளைகிற முடக்குக்கு முடக்கு இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, அதற்கும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் போட்ட பாட்டோ காதைக் கிழித்தது. ஆனாலும் சின்னத்தையின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. "சின்னப் புள்ளையில கண்டி பெரஹரா திருவிழாவுக்கு இப்புடித்தானே போனோம்? நீ என் சட்டையில சத்தி எடுத்தியே" என்றார் அக்காவிடம். "நீதான் எடுத்த" என்றார் அக்கா.

இரண்டு பஸ் மாறி மன்னாருக்குப் போனோம். என்னோடு படித்த டெல்சி அங்கே கலியாணம் கட்டியிருக்கிறாள். அவள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனோம். மலையைத் தவிர வேறெதையும் காணாத எனக்கு அந்தத் தட்டையான நிலமும், ரோட்டில் கழுதைகள் நம்மைச் சட்டை பண்ணாமல் நிற்பதும் வேறொரு நாடு மாதிரிதான் இருந்தது. துறைக்குக் கிட்டே ஒரு நேவிக்காரப் பொடியன் அடையாள அட்டை கேட்டான். சின்னத்தை பாஸ்போட்டைக் கொடுத்தார். "டூரிஸ்ட்?" என்றான்.

சின்னத்தை நிமிர்ந்தார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிங்களம். "நே மஹத்தயா. மம இபதுனே மெஹே" என்றார். இல்லை ஐயா, நான் பிறந்தது இங்கே.

அவன் மரியாதையாகத்தான் சிங்களத்தில் திருப்பிக் கேட்டான், அப்படியென்றால் எங்கே போனீர்கள் அம்மா என்று. சின்னத்தை பாஸ்போட்டை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.

கப்பல் இல்லை. பழைய துறையில் துருப்பிடித்த இரும்பும் காற்றும்தான். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகக் கடிதத்திலும் போனிலும் சொல்லாததைச் சின்னத்தை அங்கேதான் சொன்னார்.

"கப்பல்ல எனக்குப் பாலு கட்டிக்கிச்சு, அக்கா. காய்ச்சலு. ஒரு கிழவி, கடல்ல பீச்சி விடுடின்னுச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு பீச்சி விட்டேன். அவ்வளவு பாலு. எம்புள்ள அங்க பசியில கெடக்கான், நான் இங்க கடலுக்குக் குடுக்குறேன்."

பெரியத்தை தங்கையின் முந்தானையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "அவன் ரெண்டு நாளு போத்தல வாயில வைக்கலடி. ஒன் பழஞ் சேலை ஒண்ணு கெடந்துச்சு. அதப் போத்திக்கிட்டு மடியில போட்டேன். அப்பதான் குடிச்சான்."

"இத ஏன் நீ எழுதவே இல்ல?"

"எழுதியிருந்தா நீ நீந்தியே வந்திருப்ப."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள். நானும் அழுதேன். என்ன செய்வது, நான் மட்டும் மரமா?

கோச்சியில் சின்னத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முன்னாலேயே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். மடு ரோட் வந்தது, மதவாச்சி வந்தது. ஒவ்வொன்றும் சொன்னபடியே வருவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. பொல்கஹவெலயில் மாறி மலைக் கோச்சி ஏறினோம். பெட்டி நிறைய வெள்ளைக்காரப் பிள்ளைகள். கதவுகளில் தொங்கிக்கொண்டு படம் பிடித்தார்கள். இறால் பதித்த இஸ்ஸோ வடைக்காரனும் கடலைக்காரனும் கால்களுக்கிடையில் புகுந்து போனார்கள். "இதுகளும் விசிட்டர், நானும் விசிட்டர்" என்று சிரித்தார் சின்னத்தை. நாவலப்பிட்டிக்கு மேலே கோச்சி மூச்சு வாங்கி ஏற ஆரம்பித்ததும் குளிர்காற்று உள்ளே வந்தது. சின்னத்தை முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த மணந்தான்" என்றார். வட்டவளையும் தாண்டியது. ஹட்டனை நெருங்க நெருங்கப் பெரியத்தையின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

ஹட்டன் மேடையில் இறங்கி நின்றபோது பெரியத்தைதான் கை காட்டினார். "அந்தத் தூண்கிட்டத்தான் நான் நின்னேன். நீங்க எல்லாம் ஏறுனீங்க. மேடை பூரா ஒப்பாரி. நீ மட்டும் அழல."

"எதுக்கு அழணும்? புள்ள அடுத்த கப்பல்ல வருவான்னுல்ல இருந்தேன்" என்றார் சின்னத்தை.

பஸ் ஸ்டாண்டில் பிரதாப்பின் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சாயங்காலம், வேலை விட்ட சனம், நிற்கவே இடமில்லை. பிரதாப் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்த இரண்டு பொடியன்கள் பெரியத்தையைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார்கள். இரண்டு பேரையும் அதில் உட்கார வைத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

டிக்கோயாவில் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற சந்தி தாண்டியதும் கண்டக்டர் துஷாந்த் வந்து சேர்ந்தான். புதுப் பொடியன். எங்கள் பஸ் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. டிரைவரின் பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் சல்லி எடுக்கத் தேவையில்லை. மற்றபடி கூடப்பிறந்த தம்பி ஏறினாலும் எடுக்கத்தான் வேண்டும். துஷாந்த் என்னைப் பார்த்துச் சிரித்தான், பெரியத்தையைப் பார்த்துச் சிரித்தான், சின்னத்தையிடம் கையை நீட்டினான்.

சின்னத்தை பையைத் திறக்கப் போனார். பெரியத்தை அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

"இவகிட்ட வாங்காத, தம்பி. இவதான் டிரைவரோட அம்மா."

"அப்ப நீங்க?"

"நான் பெரியம்மா. எங்கிட்ட எடுத்துக்க." தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அந்தப் பஸ்ஸில் பிரதாப் ஏறிய நாளிலிருந்து பெரியத்தை ஒரு தடவைகூடச் சல்லி கொடுத்ததில்லை. என் பிள்ளை ஓட்டுற பஸ் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அந்தச் சீட்டில் ராணி மாதிரி வருகிறவர்.

"அய்யோ, அக்கா! என்ன பேச்சு இது?" சின்னத்தை பதறினார். "தம்பி, நீ அவங்ககிட்ட வாங்காதப்பா. நான் வெளிநாட்டு ஆளு. ஊரு பாக்க வந்தவ. எங்கிட்டத்தான் வாங்கணும்."

"எங்கிட்ட வாங்குடா!"

"எங்கிட்டப்பா!"

துஷாந்த் இரண்டு நோட்டுகளுக்கும் நடுவில் முழித்தான். பின்னால் இருந்து யாரோ, "யாராவது ஒரு ஆளு குடுங்கம்மா, வீட்டுல அடுப்பு மூட்டணும்" என்று கத்தினார்கள். பஸ்ஸே சிரித்தது. துஷாந்த் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, ஒரு டிரைவருக்கு ஒரு அம்மாதானே கணக்கு. யாருன்னு நீங்களே சொல்லுங்க."

பஸ் ஓரத்துக்குப் போய் நின்றது. பாட்டும் நின்றது. பிரதாப் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரி மட்டும்தான், அது சிவந்துபோயிருந்தது. பெரியத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"துஷாந்த்" என்றார் பிரதாப். "முதலாளிகிட்டப் போயிச் சொல்லு. பிரதாப்புக்கு ரெண்டு அம்மான்னு. ரெண்டு பேருக்கும் சல்லி எடுக்க ஏலாது. அவருக்குச் சம்மதமில்லைன்னா வேற டிரைவரப் பாத்துக்கட்டும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே, அண்ணே" என்று துஷாந்த் பின்னால் ஓடிவிட்டான். பஸ் கிளம்பியது. பிரதாப் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். பாட்டை மறுபடி யாரும் போடச் சொல்லவில்லை. நோர்வூட் வரைக்கும் இரண்டு சகோதரிகளும் நோட்டுகளைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

முனியாண்டி கோயில் முடக்கில் சின்னத்தை எங்களுக்கெல்லாம் முந்தி எழுந்து, "பஹினவா!" என்று சிங்களத்தில் கத்தினார். இறங்குகிறேன் என்று. டிரைவர்மார் நடு வழியில் சீட்டை விட்டு எழுவதில்லை. பிரதாப் என்ஜினை ஓட விட்டபடி தன் பக்கக் கதவால் குதித்து, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஃபுட்போர்டில் நின்ற சின்னத்தைக்கு இரண்டு கையையும் நீட்டினார்.

"வாங்கம்மா" என்றார். "பாத்து எறங்குங்க. வந்து சேந்துட்டீங்க."

சின்னத்தை அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கிய பிறகும் விடவில்லை. அந்த முகத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கைக்குழந்தையின் கையைப் பார்க்கிற மாதிரி.

"டேய்! அப்ப நான் மட்டும் குதிக்கவா?" மேலே ஃபுட்போர்டில் பெரியத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. பிரதாப் அவரை அப்படியே குண்டுக்கட்டாகத் தூக்கி இறக்கினார். "விடுடா எருமை, எலும்பு முறியும்" என்று முதுகில் இரண்டு அடி விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிறகு அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போனார்.

நாங்கள் தேயிலைக்கு நடுவே ஏற்றத்தில் நடந்தோம். சின்னத்தை முன்னால், வழி கேட்காமலே போனார். பாதி ஏற்றத்தில் பெரியத்தைக்கு மூச்சு வாங்கியது. நின்றார். இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டேவிட்டார்.

"பேச்சி, சொல்லிரு. எப்ப அவனக் கூட்டிக்கிட்டுப் போற?"

சின்னத்தை திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூட்டிக்கிட்டுப் போகத்தான் அக்கா வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் தேடி வந்த புள்ளைக்கு எட்டு மாசம். அவன எங்கயும் காணோம். இன்னிக்கு என் கையப் புடிச்சு எறக்குனவன் ஒன் புள்ள. நீ வளத்த புள்ள. அவனுக்கு இங்கதான் வீடு. வேலையாம் வேலை, நான் சர்மிளாகிட்டச் சொல்லிக்கிறேன்."

பெரியத்தை தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். "ஒன் புள்ளைய நான் எடுத்துக்கிட்டேனேடி. எட்டு மாசத்துப் பையன எடுத்துக்கிட்டேனே" என்றார்.

"நீ எடுத்துக்கலைன்னா அவன் டிக்கோயா ஆஸ்பத்திரியிலயே போயிருப்பான்க்கா" என்றார் சின்னத்தை. "இன்னிக்கு என்னய அம்மான்னு கூப்புட அவன் இருக்கானே."